பெயர் தெரியாத ஒரு சத்தைத் தேடி: டாக்டர் லூசி வில்ஸின் ஆய்வு



நம் நாட்டின் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் பதிந்துகொள்ளும் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சில மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஃபோலிக் அமிலம். அளவில் சிறியது, விலையிலும் மிகக் குறைவு. உங்களை வயிற்றில் சுமந்த காலத்தில் உங்கள் அம்மாவும் அதை உட்கொண்டிருக்கக்கூடும்.

அந்த மாத்திரை எதற்காக? அது தேவை என்று முதலில் எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் வேலை செய்த ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் லூசி வில்ஸ். அவர் ஃபோலிக் அமிலத்தைக் கண்ணால் கண்டதில்லை. அப்போது அதற்குப் பெயரே கிடையாது. ஆனாலும் அது உணவில் இருக்கிறது, அது குறைந்தால் தாய்மார்கள் இறக்கிறார்கள், அதைக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்பதை அவர் காட்டினார். ஒரு பொருளின் பெயர் தெரியாமலேயே அது இருப்பதை எப்படி நிரூபிப்பது? அதுதான் இந்த வாரப் பாடம்.

இரத்தச்சோகை: ஒரு சிறு நினைவூட்டல்

உங்கள் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கின்றன. பிறகு அவை அழிய, எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய இரண்டு மில்லியன் புதிய சிவப்பணுக்கள்! சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் உயிர்வாயுவை உடலெங்கும் எடுத்துச் செல்கிறது. சிவப்பணுவோ ஹீமோகுளோபினோ குறைந்தால் அந்த நிலைக்கு இரத்தச்சோகை என்று பெயர். உடல் வெளிறும், நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும்.

இரத்தச்சோகை ஒரே வகை நோயன்று. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில், நுண்ணோக்கியின் கீழ் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறித் தெரியும். இன்னொரு வகையில், சிவப்பணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கும். ஆனால் ஒவ்வோர் அணுவும் வழக்கத்தைவிடப் பெரியதாக இருக்கும். வழக்கமான சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். இந்த இரண்டாம் வகைக்குப் பேரணுச் சோகை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் கதையின் மையம் இதுதான்.

யார் இந்த லூசி வில்ஸ்?

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் தேர்வு எழுதி முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. காரணம், அவர் பெண். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

முதல் உலகப் போர் தொடங்கிய நேரத்தில் அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கே தாதியாகத் தொண்டாற்றினார். பிறகு 1915இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. நோயாளிகளைப் பார்க்கும் வேலையைவிட ஆய்வுக்கூட வேலையே அவரை ஈர்த்தது. இரத்தத்தையும் உடலின் வேதியியலையும் ஆராயும் துறையில் இறங்கினார்.

1928இல் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. இந்தியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் மார்கரெட் பால்ஃபர், பிரசவ காலத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆய்வின் ஒரு பகுதியாக, கர்ப்பிணிகளைத் தாக்கும் ஒரு கடுமையான சோகையின் காரணத்தைக் கண்டறிய வேண்டியிருந்தது. 40 வயதான வில்ஸ் பம்பாய்க்குக் கப்பலேறினார். ஹாஃப்கின் நிலையத்தில் அவருடைய வேலை தொடங்கியது.

பம்பாயின் புதிர்

அந்த நோய் பெரும்பாலும் கர்ப்பத்தின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. பெண்கள் வெளிறிப் போனார்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன, சாப்பிடவே பிடிக்கவில்லை. நோய் முற்றினால் இதயம் தாங்காது. பிரசவத்தின்போது ஓரளவு இரத்தம் வெளியேறுவது இயல்பு. ஆரோக்கியமான ஒரு பெண் அதைத் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே இரத்தம் இல்லாதவருக்கு அந்த இழப்பே உயிரைப் பறிக்கும். தாய் இறந்தால் பிறந்த குழந்தையின் கதி என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால் பெரிய சிவப்பணுக்கள். அதாவது பேரணுச் சோகை. அக்காலத்தில் பேரணுச் சோகை என்றதும் மருத்துவர்களின் நினைவுக்கு வந்தது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்பட்ட 'கொடுஞ்சோகை'. கல்லீரலை நிறையச் சாப்பிடக் கொடுத்தால் அந்த நோயாளிகள் தேறுகிறார்கள் என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டியிருந்தார்கள். அதற்காக அவர்களும் விப்பிள் என்ற ஆய்வாளரும் 1934இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

பம்பாய்ப் பெண்களுக்கு வந்ததும் அதே நோய்தானா? இரத்தத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கொடுஞ்சோகை பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, நரம்புகளையும் தாக்குவது. பம்பாயில் நோயுற்றவர்களோ இளம் பெண்கள். மாணவர்களே, இங்கே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு நோய்கள் ஒரே மாதிரி தோன்றுவதால் அவற்றின் காரணமும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுப்படியில் தொடங்கிய ஆய்வு

நுண்ணோக்கி மட்டும் போதாது என்று வில்ஸ் உணர்ந்தார். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும். தல்பதே என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, பம்பாயின் பல்வேறு சமூகப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறார்கள் என்று விசாரித்தார். அந்த ஆய்வின் முடிவு 1930இல் வெளிவந்தது.

ஒரு தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் உணவுதான் எல்லாரையும்விட மோசமாக இருந்தது. பால், காய்கறி, பழம், இறைச்சி ஆகியவை அவர்கள் தட்டில் மிகக் குறைவு. சோகை அதிகம் கண்டதும் அவர்களுக்கே. வசதியான வீட்டுப் பெண்களிடம் அது குறைவாக இருந்தது. காரணம் மதமும் அன்று, பிறப்பும் அன்று. வறுமை தட்டில் எதை வைத்தது, எதை வைக்கவில்லை என்பதே.

இது ஓர் உற்றறிதல். இதிலிருந்து வில்ஸ் ஒரு கருதுகோளை அமைத்தார்: 'இந்தப் பெண்களின் உணவில் ஏதோ ஒரு சத்து குறைகிறது, அதனால்தான் சோகை வருகிறது.' ஆனால் உணவில் ஒரே நேரத்தில் பல சத்துகள் குறைந்திருந்தன. அவற்றுள் எது காரணம்? அதை அறியச் சோதனை தேவைப்பட்டது.

குன்னூரில் எலிகள்

1929இல் வில்ஸ் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உள்ள குன்னூருக்குச் சென்றார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் சர் ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். 1918இல் ஒரே ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிலையமாக வளர்ந்தது.

பம்பாயின் ஏழைப் பெண்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவை வில்ஸ் வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. கருவுற்ற எலிகள் பல இறந்தன. இன்னொரு பிரிவு எலிகளுக்கு அதே உணவுடன் ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தார். அவற்றுக்குச் சோகை வரவில்லை.

ஆரம்பப்பள்ளியிலேயே நீங்கள் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறனை இங்கே பொருத்திப் பாருங்கள்.

தற்சார்பு மாறி: உணவில் ஈஸ்ட் இருக்கிறதா, இல்லையா.
சார்பு மாறி: எலிக்குச் சோகை வருகிறதா, இல்லையா.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: அடிப்படை உணவு, எலியின் வகை, வளர்க்கும் இடம்.

எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. அந்த எலிகளின் இரத்தத்தில் பார்ட்டொனெல்லா என்ற நுண்ணுயிரும் இருந்தது. எலிப்பேன்கள் மூலம் பரவும் அந்தத் தொற்றும் சோகையை உண்டாக்கக்கூடியது. அப்படியானால் எலிகளின் சோகைக்குக் காரணம் உணவா, பேனா? கட்டுப்படுத்த வேண்டிய ஒரு மாறி, ஆய்வாளரின் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்துவிட்டது.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் இரண்டு வழிகள் உண்டு. முடிவு நமக்குச் சாதகமாக இருக்கிறதே என்று சிக்கலை மறைக்கலாம். அல்லது அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேறு சோதனையைத் தேடலாம். வில்ஸ் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பார்ட்டொனெல்லாவின் பெயர் இடம்பெற்றது. அடுத்து அவர் குரங்குகளிடம் சென்றார்.

குரங்கும் மார்மைட்டும்

ரீசஸ் வகைக் குரங்குகளின் உடலியல் எலியைவிட மனிதனுக்கு நெருக்கமானது. சத்துக் குறைந்த அதே மாதிரி உணவைக் கொடுத்தபோது குரங்குகளுக்கும் பேரணுச் சோகை வந்தது. அந்த நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்கு தேறியது.

அந்த ஈஸ்ட் சாறு உங்களுக்கு மிகவும் பழக்கமானதுதான். மார்மைட்! கஞ்சியில் கலந்தும் ரொட்டியில் தடவியும் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். உணவகத்தில் மார்மைட் கோழி கேட்டு வாங்கியிருப்பீர்கள். பீர் ஆலைகளில் நொதித்தலுக்குப் பிறகு எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் பொருள் அது. இங்கிலாந்தில் 1902 முதல் தயாரிக்கப்படுகிறது. கல்லீரல் சாற்றோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. இறைச்சி உண்ணாத பெண்களுக்கும் கொடுக்கலாம். ஏழைகளுக்கான மருந்தைத் தேடும் ஒருவருக்கு இந்த இரண்டு குணங்களும் எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

பம்பாயின் நோயாளிகளுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. சில நாள்களிலேயே மாற்றம் தெரிந்தது. வாந்தி நின்றது, பசி எடுத்தது. இரத்தத்தில் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. எலும்பு மஜ்ஜை மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் பெண்கள் மருத்துவமனையிலும் பணியாற்றினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. ஈஸ்ட் சாறு இந்தச் சோகையைக் குணப்படுத்துகிறது என்று உலகத்துக்கு அறிவித்தது அக்கட்டுரை.

ஒரே நோயா, இரண்டு நோய்களா?

இப்போது பழைய கேள்விக்குத் திரும்புவோம். பம்பாய்ச் சோகையும் ஐரோப்பியக் கொடுஞ்சோகையும் ஒன்றுதானா? பக்குவப்படுத்தாத கல்லீரல் சாறு இரண்டையும் குணப்படுத்தியது. ஆகவே ஒன்றுதான் என்று நினைக்க இடமிருந்தது.

1930களில் மருந்து நிறுவனங்கள் கல்லீரல் சாற்றை மேலும் மேலும் சுத்திகரித்தன. தேவையற்ற பொருள்களை நீக்கிய அந்தச் சுத்தமான சாறு கொடுஞ்சோகைக்கு நன்றாக வேலை செய்தது. வில்ஸ் அதைத் தம் நோயாளிகளுக்கும் சோகை வரவழைக்கப்பட்ட குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. சுத்திகரிக்காத சாறு கொடுத்தால் பலன் கிடைத்தது. மார்மைட் கொடுத்தாலும் கிடைத்தது.

கொஞ்சம் நிறுத்தி, நீங்களே ஊகித்துப் பாருங்கள். சுத்தமான சாறு ஒரு நோயைக் குணப்படுத்துகிறது, மற்றதைக் குணப்படுத்தவில்லை. சுத்திகரிக்காத சாறு இரண்டையும் குணப்படுத்துகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது?

கல்லீரலில் இரண்டு வெவ்வேறு சத்துகள் இருக்கின்றன. சுத்திகரிக்கும்போது ஒன்று தங்கிவிடுகிறது, மற்றொன்று கழிந்துபோகிறது. கழிந்துபோவதுதான் பம்பாய்ப் பெண்களுக்குத் தேவையான சத்து. அது ஈஸ்டிலும் இருக்கிறது. அதற்கு 'வில்ஸ் காரணி' என்று பெயர் வந்தது. 1937இல் வில்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தப் புதிய காரணியைப் பற்றி எழுதினார்கள். சாற்றில் தங்கிவிட்ட மற்றொரு சத்து 1948இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் வைட்டமின் பி12.

கீரையிலிருந்து வந்த பெயர்

1941இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் பாலக்கீரையிலிருந்து ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சிறிதளவு பொருளுக்காக அவர்கள் பயன்படுத்திய கீரை நான்கு டன்! லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் அமிலத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

1945இல் லெடர்லி ஆய்வுக்கூடம் இந்த அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர மண்ணில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற விஞ்ஞானி. செயற்கை ஃபோலிக் அமிலத்தைப் பேரணுச் சோகை உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் குணமடைந்தார்கள். வில்ஸ் தேடிய சத்துக்கு இறுதியில் பெயரும் கிடைத்தது, வேதியியல் வடிவமும் கிடைத்தது. அவர் மார்மைட்டைக் கொடுக்கத் தொடங்கி ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து!

அணு ஏன் பெரிதாகிறது?

இனி உயிரியலுக்கு வருவோம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், முதலில் தன் டி.என்.ஏ.வை முழுமையாக நகலெடுக்க வேண்டும். டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கில் ஒன்று தைமின். தைமின் எழுத்தை உடல் தயாரிக்க ஃபோலேட் தேவை. ஃபோலேட் என்பது ஃபோலிக் அமிலம் உணவில் காணப்படும் வடிவம்.

ஃபோலேட் குறைந்தால் என்ன நடக்கும்? தைமின் தட்டுப்பாடாகும். நூலின் நகல் பாதியில் நிற்கும். நகல் முடியாமல் அணு பிரிய முடியாது. ஆனால் ஹீமோகுளோபின் தயாரிப்பும் அணுவின் வளர்ச்சியும் நிற்பதில்லை. பிரியாமலேயே வளர்ந்துகொண்டு போனால் அணு பெரிதாகத்தானே ஆகும்? பிரியாததால் எண்ணிக்கையும் குறையும். குறைந்த எண்ணிக்கை, பெரிய உருவம். 1928இல் வில்ஸ் நுண்ணோக்கியில் பார்த்த காட்சியின் காரணம் இதுதான்.

வேகமாகப் பிரியும் அணுக்களைத்தான் இந்தக் குறை முதலில் தாக்கும். எலும்பு மஜ்ஜை அப்படிப்பட்டது. கருவில் வளரும் குழந்தையும் அப்படிப்பட்டதே. ஒரே அணுவிலிருந்து ஒன்பது மாதங்களில் முழு உடல் உருவாக வேண்டும். அதோடு, கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத் திரவத்தின் அளவும் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. அதனால்தான் சாதாரண காலத்தில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலேட் தேவை என்றால், கர்ப்ப காலத்தில் அது 600 மைக்ரோகிராமாக உயர்கிறது. எப்போதும் குறைவாகச் சாப்பிட்ட பம்பாய்ப் பெண்கள் கர்ப்ப காலத்தில் மட்டும் ஏன் நோயுற்றார்கள் என்பதும் இப்போது விளங்குகிறது அல்லவா?

குழந்தையின் முதுகெலும்பு

வில்ஸ் தேடியது தாயைக் காக்கும் வழி. அவர் கண்ட சத்து குழந்தையையும் காக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான படலமாகத் தோன்றும். அது சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். இதற்கு நரம்புக் குழாய் என்று பெயர். கருவுற்ற ஏறக்குறைய 28ஆம் நாளுக்குள் இது மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு என்ற குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும், கால்கள் செயலிழக்கலாம். மேற்பகுதி மூடாமல் போனால் மூளை வளராது, குழந்தை பிழைக்காது.

ஃபோலேட் குறைவுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1960களில் பிரிட்டனில் சில மருத்துவர்கள் ஊகித்தார்கள். உறுதி செய்ய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 7 நாடுகளில் 33 மையங்கள் பங்கேற்றன. ஏற்கெனவே இந்தக் குறைபாடுள்ள கருவைச் சுமந்த 1,817 பெண்கள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். சில குழுக்களுக்கு ஃபோலிக் அமிலம் கிடைத்தது; மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு எது கிடைத்தது என்பது பெண்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

1991இல் முடிவு வந்தது. ஃபோலிக் அமிலம் பெற்ற குழுக்களில் 593 கருக்களில் 6இல் மட்டுமே குறைபாடு. பெறாத குழுக்களில் 602இல் 21. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பலன் தெரிந்த பிறகும் பாதிப் பெண்களுக்கு மருந்தைக் கொடுக்காமல் இருப்பது நியாயமாகாது அல்லவா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 28ஆம் நாள் என்பது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத நேரம். அதனால்தான் குழந்தை பெற எண்ணும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அமெரிக்கா 1998 முதல் தானிய மாவிலேயே அதைச் சேர்க்கக் கட்டாயமாக்கியது. பல நாடுகள் அதே வழியைப் பின்பற்றியுள்ளன.

நம் சமையலறையில்

ஃபோலேட் எங்கே இருக்கிறது? பாலக்கீரை, முளைக்கீரை போன்ற பச்சைக் கீரைகள், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, வெண்டைக்காய், பப்பாளி, ஆரஞ்சு, முட்டை, கல்லீரல் ஆகியவற்றில் உண்டு. ஆனால் ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். சிறிது நீரில், குறைந்த நேரம் வேகவைப்பதே நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோர்வாக இருக்கிறது என்பதற்காக நீங்களாகவே ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். உள்ளே நரம்புப் பாதிப்பு தொடரும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நோய்களை வில்ஸ் பிரித்துக் காட்டியது ஏன் முக்கியம் என்பதற்கு இது இன்றும் சான்று. எந்தச் சோகை என்பதை இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வேலை இன்னும் முடியவில்லை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற லூசி வில்ஸ் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்று ஊட்டச்சத்தையும் சோகையையும் ஆராய்ந்தார். 1964 ஏப்ரல் 16ஆம் தேதி காலமானார். அவர் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2019இல், அவருடைய பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தபோதுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இன்றும் உலகக் கர்ப்பிணிப் பெண்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு, ஃபோலேட் குறைவு, மலேரியா, குடற்புழு எனக் காரணங்கள் பல. மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விலையும் குறைவு. ஆனாலும் பல நாடுகளில் அது உரிய நேரத்தில் உரியவர் கைக்குப் போய்ச் சேருவதில்லை. பம்பாயில் தொடங்கிய வேலையின் மீதிப் பகுதி இதுதான். மருத்துவராகவோ, தாதியாகவோ, உணவியல் வல்லுநராகவோ, ஆய்வாளராகவோ வர எண்ணுகிறவர்கள் உங்களில் இருந்தால், அந்த மீதி வேலை உங்களுக்காகவும் காத்திருக்கிறது.

கலைச்சொற்களை அறிவோம்

பேரணுச் சோகை: சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெரிதாகும் இரத்தச்சோகை.
எலும்பு மஜ்ஜை: எலும்புகளின் உட்பகுதியில் உள்ள மென்திசு, இரத்த அணுக்கள் உருவாகுமிடம்.
கருதுகோள்: சோதித்துப் பார்க்கக்கூடிய வகையில் அமைக்கப்படும் ஊகம்.
நரம்புக் குழாய்: கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் தொடக்க அமைப்பு.
குலுக்கல் முறை: யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை ஆய்வாளர் தேர்ந்தெடுக்காமல் தற்செயலாக முடிவு செய்யும் முறை.

சிந்தித்து விடையளியுங்கள்

1. குன்னூர் எலிச் சோதனையில் எந்த மாறி கட்டுப்படுத்தப்படாமல் போனது? அதே சோதனையை நீங்கள் மீண்டும் செய்தால் எதை மாற்றி அமைப்பீர்கள்?

2. 1991ஆம் ஆண்டு ஆய்வில் இரு பிரிவுகளிலும் குறைபாட்டின் விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். ஃபோலிக் அமிலம் அபாயத்தை ஏறக்குறைய எத்தனை விழுக்காடு குறைத்தது? (குறிப்பு: விடை 70க்குச் சற்று மேல் வர வேண்டும்.)

3. வில்ஸ் மார்மைட் கொடுத்த பெண்கள் தேறினார்கள். ஆனால் அவர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கவில்லை. அப்படியிருந்தும் அவருடைய முடிவை நம்புவதற்கு எந்த எந்தச் சான்றுகள் துணை நிற்கின்றன? குறைந்தது இரண்டைக் குறிப்பிடுங்கள்.

4. வீட்டில் கீரை சமைக்கும் முறையை ஒரு வாரம் கவனியுங்கள். சத்து வீணாகாமல் இருக்க என்ன மாற்றம் செய்யலாம் என்று சமைப்பவருடன் கலந்து பேசி, ஐந்து வரிகளில் எழுதுங்கள்.